பச்சை ஒயரைப் பாரு கண்ணு

வண்டியில லைட்டு எரியலீன்னா நம்ம சனம் பாக்கற வைத்தியம் ரெண்டுதான். மொதல்ல டூம் மண்டையில ஒரு தட்டு. தட்டியும் எரியலீன்னா புதுசா ஒரு பல்பு. நீ படிச்ச புள்ளை, உன்ற வைத்தியம் அதுக்கும் ஒரு படி மேல. தட்டவும் இல்லை, தொட்டுப் பாக்கவும் இல்லை. கட்டல்ல படுத்துக்கிட்டுச் செல்லைத் தடவுனே, எல்இடி ஊடு தேடி வந்திருச்சு. வெளிச்சம் மட்டும் இன்னும் வரலே.

"பழைய வண்டிங்க அப்பாரு, பல்பு தாங்கமாட்டீங்குதுங்க"ங்கறே. நீ செத்துப்போச்சுன்னு வீசுன பல்பையெல்லாம் பொறுக்கி ஒரு போகணியில போட்டு வெச்சிருக்கறேன். ஒவ்வொண்ணாப் பேட்டரியில தொட்டுப் பாத்தேன். பாதிக்கு மேல நல்லாத்தான் எரியுது. வேணும்னாச் சொல்லு, பாதி விலைக்குத் தாரேன். பேரனுங்கறதால இந்தச் சலுகை.

வண்டி லைட்டு கெடறது பெரும்பாலும் பொருளு கெட்டதுனால இல்லை. ஒரு பொருளும் இன்னொரு பொருளும் சேர்ற எடம் கெட்டதுனால. கடைக்காரன் பல்பு விப்பான், சுவிச்சு விப்பான், வயரிங் கிட்டையே ஒட்டுக்கா விப்பான். சேர்மானத்தை மட்டும் எவனும் விக்கறதில்லை. விலைப்பட்டியல்ல இல்லாத சாமான் உன்ற கண்ணுல எப்படிப் படும்?

சித்தெ அந்தச் சொம்பு தண்ணிய எடுத்துக் குடுத்துப்போட்டு உக்காரு. இது என்ன வண்டின்னாச்சும் மொதல்ல தெரிஞ்சுக்க. ஸ்ப்ளெண்டர், 1994ல வந்த சாதி. ஹீரோவும் ஹோண்டாவும் கூட்டா இருந்தப்போப் பொறந்தது. 2010 டிசம்பர்ல ரெண்டு பேரும் பிரிஞ்சுக்கறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. உன்ற டேங்குல மட்டும் இன்னும் ஒரே குடும்பமா இருக்கறாங்க, ஆரும் போயிச் சொல்லிறாதே.

இந்தச் சாதி வண்டியில கரண்டு ரெண்டு எடத்துல இருந்து வருது. ஆரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டு, நியூட்ரல் லைட்டு, இதெல்லாம் பேட்டரியில ஓடறது. ஹெட்லைட்டு, டெயில் லைட்டு, மீட்டருக்குள்ள எரியற லைட்டு, இதெல்லாம் மேக்னெட்டுக்குள்ள இருக்கற லைட் காயில்ல இருந்து நேரா வாரது. என்ஜின் சுத்துனாத்தான் அந்தக் காயில்ல கரண்டு. முறுக்குனா வெளிச்சம் ஏறும், ஐடில்ல நின்னா மங்கும். அது சீக்கு இல்லை, பொறப்பு.

எல்இடி மாட்டறதுக்கு முன்னால ஒரு நாளு நீ என்ன பண்ணுனே? சாவியத் திருகுனே, லைட் சுவிச்சத் தள்ளுனே, எரியலே. உடனே ஸ்பேனரை எடுத்துட்டே. என்ஜினை ஒரு ஒதை ஒதைச்சிருந்தா எரிஞ்சிருக்கும். ஒதைக்க வேண்டியதை விட்டுப்போட்டுக் களட்ட வேண்டாததைக் களட்டிட்டே.

புது வண்டி ஓட்டறவனைப் பாத்து ஏமாந்திருப்பே. 2017 ஏப்ரல்ல இருந்து விக்கற வண்டிக்கெல்லாம் என்ஜின் ஓடுனா ஹெட்லைட்டும் தானா எரியோணும்னு சட்டம். அது தெரியாம நம்மூர்க்காரங்க எத்தனை வருசம் எதிர்ல வாரவனுக்கெல்லாம் வெரலை மூடித் தொறந்து சாடை காட்டுனாங்க! பகல்ல எரியற லைட்டை அணைக்கச் சொல்றதுல இருக்கற அக்கறை, ராத்திரி எரியாத லைட்டைப் பாத்தா ஒருத்தனுக்கும் வாரதில்லை.

ரெண்டு குடும்பம்னு தெரிஞ்சுக்கிட்டாலே பாதிச் சோலி முடிஞ்சுது. ஆரன், இண்டிகேட்டர், பிரேக் லைட்டு மூணும் ஒரே நாள்ல போச்சுன்னா மூணையும் தனித்தனியாக் களட்டாதே. மூணுக்கும் பொதுவா இருக்கறது பேட்டரியும் ஃபியூசும். அங்க போ. ஹெட்லைட்டும் டெயிலும் மீட்டர் லைட்டும் சேந்து போச்சுன்னா லைட் காயிலு, ரெகுலேட்டரு, கைப்பிடியில இருக்கற லைட் சுவிச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் போச்சுன்னா அதோட பல்பு, அதோட ஹோல்டர், அதுக்குப் போற ஒயரு. டிம் எரிஞ்சு பிரைட் எரியலீன்னா ஒண்ணு அந்த இழை அந்திருக்கும், இல்லீன்னா டிம் சுவிச்சுக்குள்ள அழுக்கு. இதுக்கு மீட்டரும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம். எது எரியுது, எது எரியலீன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் பாத்தாப் போதும். ஆனா எழுதறதுக்கு முன்னால எல்லாத்தையும் ஒருக்காப் போட்டுப் பாக்கோணும். அது உனக்கு ஆகாத காரியம்.

அடுத்தது நிறம். ஒயருக ஒவ்வொண்ணுக்கும் ஒரு நிறம் குடுத்திருக்கறது அழகுக்கு இல்லை கண்ணு. ஹோண்டா வழக்கத்துல பச்சைன்னா எர்த்து. சேப்புன்னா பேட்டரியில இருந்து நேரா. கருப்புன்னா சாவியத் திருகுன பொறவு வர்ற கரண்டு. மஞ்சள் லைட் காயில்ல இருந்து வாரது. நீலம் பிரைட்டு, வெள்ளை டிம்மு, பழுப்பு டெயிலு. பச்சையில மஞ்சக்கோடு போட்டது பிரேக் லைட்டு. ஆரஞ்சு எடது இண்டிகேட்டர், வெளுத்த நீலம் வலது.

இதுல கருப்பு ஒயர்ல ஒரு கண்ணி இருக்குது. ஊட்டு வயரிங்ல கருப்புன்னா நியூட்ரல். இந்த வண்டியில கருப்புத்தான் உசிருள்ள ஒயரு. எல்இடி மாட்டறதுக்கு ஆரைக் கூட்டிக்கிட்டு வந்தே? ஊட்டுக்கு ஃபேன் மாட்டற ஒயர்மேனை. அந்த மகராசன் "கருப்பும் எர்த்து, பச்சையும் எர்த்து"ன்னு ரெண்டையும் முறுக்கி டேப்பு சுத்திட்டான். சாவியத் திருகுனதும் ஃபியூஸ் போச்சு. புது ஃபியூஸ் போட்டே, அதுவும் போச்சு. அப்பத்தான் உனக்கு ரோசனை வந்துது. சிகரெட் பொட்டியில இருந்து வெள்ளித்தாளை உருவி ஃபியூஸ் மேல சுத்திட்டே.

ஃபியூஸ்ங்கறது வண்டியிலயே சாகறதுக்குன்னு சம்பளம் வாங்கற ஒரே ஆளு. அவன் செத்தா ஏன் செத்தான்னு கேக்கோணும். நீ என்னடான்னா சாகாத ஆளாப் பாத்து வேலைக்கு வெச்சிருக்கறே. இனி ஃபியூஸ் உருகாது, ஒயரு உருகும். டேங்குக்குக் கீழ ஓடற ஒயரு, டேங்குக்குள்ள பெட்ரோலு. மிச்சத்தை நான் சொல்லலே. அந்தத் தாளை இப்பவே உரிச்சு எறி. போடறதும் அந்த ஃபியூஸ் மேல எழுதியிருக்கற அளவுலயே போடு.

"ஷார்ட்டு எங்கன்னு எப்படிங்க அப்பாரு கண்டுபுடிக்கறது?"

கேட்டயா, இது நல்ல கேள்வி. நீ டெஸ்டரைத் தூக்கிக்கிட்டு வந்தயே, பைக் ஒயர்லயெல்லாம் குத்திப் பாத்துட்டு "எங்கயுமே கரண்டு இல்லீங்க"ன்னயே, அந்த டெஸ்டர் ஊட்டுக் கரண்டுக்கு. 230 வோல்ட்டுக்குள்ள குத்துனா எரியற நியான் விளக்கு, 12 வோல்ட்டைப் பாத்துக் கண்ணைக்கூடத் தொறக்காது. வண்டிக்குன்னு ஒரு டெஸ்ட் லேம்ப் பண்ணிக்க. இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு, ரெண்டு கெஜம் ஒயரு, ரெண்டு முனையிலயும் கிளிப்பு. சலுகை விலையில பல்பு என்றகிட்ட இருக்குதுன்னு முன்னமே சொல்லியிருக்கறேன்.

ஃபியூசைக் களட்டிப்போட்டு அந்த எடத்துல டெஸ்ட் லேம்ப்பை மாட்டு. வண்டியக் கியர்ல போட்டு வெய்யி, நியூட்ரல் லைட்டு குறுக்க வராது. இண்டிகேட்டரை நடுவுல வெய்யி, பிரேக்கு, ஆரன் ஒண்ணையும் தொடாதே. சாவியத் திருகு. எங்கயாச்சும் ஷார்ட்டு இருந்தா லேம்ப்பு பளிச்சுன்னு எரியும். அதுக்கு மேல கரண்டு போகாது, அதனால ஒயரும் கருகாது. இனி ஒவ்வொரு கப்ளராக் களட்டிக்கிட்டே வா. எதைக் களட்டுனதும் லேம்ப்பு அணையுதோ, கோளாறு அந்தக் கிளையில. ஃபியூஸ் டப்பா டப்பாவா எரிச்சதுக்குப் பதிலா ஒரு பல்புல சோலி முடிஞ்சுது.

உன்ற கூட்டாளி டிஜிட்டல் மீட்டர் கொண்டாந்து வெச்சு, "12 வோல்ட் வருதுங்க, ஒயரு நல்லாருக்குது"ன்னானே, அவனையும் ஒருக்கா இங்க தாட்டிவிடு. அந்த மீட்டரு கரண்டே இழுக்காது. ஒயருக்குள்ள இருக்கற இழையெல்லாம் அந்துபோயி ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் 12ன்னு காட்டும். 35 வாட்டு பல்பை மாட்டுனதும் அந்த ஒத்தை இழையால தாங்க முடியாது, வோல்ட்டு பொத்துன்னு உளுந்திரும். டெஸ்ட் லேம்ப்பு கரண்டை இழுத்துப் பாத்துச் சொல்லும். சும்மா விசாரிக்கறவனுக்கும் வேலை வாங்கிப் பாக்கறவனுக்கும் வித்தியாசம் இருக்குதல்லோ?

இப்ப ஹெட்லைட்டுக்கு வா. டூமைத் தொற. உள்ள இருக்கற கப்ளருகளைப் பாரு, செம்பு மேல களிம்பு பூத்திருக்குது. மழையில நனைஞ்சு, வெயில்ல காஞ்சு, எத்தனையோ வருசத்துக் களிம்பு. என்ஜினை ஓடவிட்டு ஹோல்டருக்குப் பின்னால டெஸ்ட் லேம்ப்போட ஒரு முனையப் பச்சையில வெய்யி, இன்னொண்ணை டிம்முக்கு வெள்ளையிலயும் பிரைட்டுக்கு நீலத்துலயும் வெச்சுப் பாரு. எரிஞ்சா ஒயருக ரெண்டும் நல்லாருக்குது, பல்பையும் ஹோல்டர் பல்லையும் பாரு. எரியலீன்னா பச்சையில இருக்கற முனையை மட்டும் எடுத்து என்ஜின் இரும்புல வெய்யி. இப்ப எரிஞ்சுதுன்னா பச்சை ஒயர்தான் திருடன். அப்பவும் எரியலீன்னா பின்னாலயே போ. டிம் சுவிச்சு, லைட் சுவிச்சு, மஞ்ச ஒயரு, காயிலு. எந்த எடத்துல எரியுதோ அதுக்கும் எரியாத எடத்துக்கும் நடுவுலதான் கோளாறு. வேற எங்கயும் போயிருக்காது.

பந்தயம் கட்டறதுன்னா நான் பச்சை மேலதான் கட்டுவேன். கரண்டு வட்டிக்கு விட்ட காசாட்டந்தான். குடுக்கறது மட்டும் கணக்கில்லை, திரும்பி வந்தாத்தான் கணக்கு. எல்லாருமே போற ஒயரைப் பாக்கறாங்க, திரும்பி வாரதை ஆரும் கேக்கறதில்லை. எர்த்துல துருவோ பெயின்டோ குறுக்க நின்னா கரண்டு ஊடு திரும்ப வேற தடம் தேடும். பக்கத்து பல்புக்குள்ள பூந்து வரும். அதனாலதான் நீ இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேந்து கண்ணடிக்குது. பிரேக்கை மிதிச்சா டெயில் லைட்டு மங்குது. நீ வண்டிக்குப் பேயி புடிச்சிருக்குதுன்னு சொல்லிக்கிட்டுத் திரியறே. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. போன தீபாவளிக்கு வண்டிக்கு மேட் கருப்பு அடிச்சயே, எர்த்து ஸ்குரூவுக்குக் கீழயும் சேத்தி அடிச்சுட்டாங்க. பெயின்டு வழியாக் கரண்டு போகாது.

உப்புக் காயிதத்தை எடு. ஸ்குரூவைக் களட்டி, வளையத்தையும் அது உக்கார்ற எடத்தையும் வெறும் இரும்பு மின்னற வரைக்கும் தேய்யி. முடுக்கு. மேல சித்தெ வாசலின் தடவு, மறுக்கா துரு ஏறாது. செலவு எவ்வளவு? காயிதம் என்ற பொட்டியிலயே இருக்குது, தேய்க்கற கை உன்றது. தேய்ச்சு முடிஞ்சு காயிதம் மிச்சமிருந்தா என்ற மம்பட்டியையும் ரெண்டு தேய் தேய்ச்சுப் போடு.

பல்பு நெசமாவே மாத்த மாத்தப் போகுதுன்னா அது வேற கதை. முறுக்க முறுக்கக் காயில்ல வோல்ட்டு ஏறும். மிஞ்சறதை எர்த்துக்குத் தள்ளிவுட்டு அடக்கி வெக்கறது ரெகுலேட்டரு. அது கெட்டாலும், அதோட பச்சை ஒயரு லூசானாலும், அடக்க ஆளில்லாம வோல்ட்டு ஏறிக்கிட்டே போகும், பல்பு பொக்குன்னு போயிரும். காசு குடுத்து ரெகுலேட்டர் வாங்கறதுக்கு முன்னால அந்தப் பச்சைய ஒருக்கா அமுத்திப் பாரு. பல்பை மாட்டறப்போ ஹாலஜன் கண்ணாடியில வெரலை வெக்காதே. நீ மத்தியானம் தின்ன போண்டா எண்ணெய் கண்ணாடியில ஒட்டிக்கிட்டா அந்த எடம் மட்டும் சூடேறி ஆயுசு கொறையும்.

ஹேண்டிலை எடது பக்கம் ஒடிச்சா எரியுது, வலது பக்கம் ஒடிச்சா அணையுதுங்கறயா? கோன் செட்டுகிட்ட ஒயரு மடங்கி மடங்கி, மேல ரப்பரு நல்லா இருக்க, உள்ள இழை அந்திருக்கும். என்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டு, ஒயர்க் கத்தையை வெரல்ல மெல்ல அசைச்சுக்கிட்டே வா. எந்த எடத்துல லைட்டு சிமிட்டுதோ அங்க வெட்டி, பத்தவெச்சு, குழா போட்டு மூடு. வெறுமனே முறுக்கி டேப்பு ஒட்டாதே. அந்த டேப்பு ஒரு வெயிலுக்குப் பிசுபிசுன்னு எளகி வந்திரும். அதோட ஹேண்டில் முழுசாத் திரும்பற அளவுக்கு ஒயர்ல தளர்வு இருக்குதான்னும் பாத்துக்க.

இனி உன்ற எல்இடிக்கு வாரேன். அது கெட்ட பொருளுன்னு சொல்லமாட்டேன். டிசி கேக்கற பொருளை ஏசி ஒயர்ல மாட்டுனா அது படபடன்னு துடிக்கத்தான் செய்யும். சரி, பேட்டரிக்கு மாத்திட்டே. கூடவே கீழ ரெண்டு ஃபாக் லைட்டு. ஒண்ணு 20 வாட்டுன்னு பொட்டியில போட்டிருக்குது. அப்ப ரெண்டும் 40. உன்ற வண்டி பேட்டரி 12 வோல்ட், 2.5 ஆம்பியர் அவர். பெருக்கிப் பாரு, 30. பொட்டியில போட்டது நெசம்னா முழுசா ஏறுன பேட்டரியே முக்கா மணி நேரத்துல காலி. பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற சின்னக் காயிலு ஆரனுக்கும் இண்டிகேட்டருக்கும் ஏத்தித் தர்றதுக்குன்னு சுத்துனது, உன்ற ஊர்வலத்துக்குச் சுத்துனதில்லை. பொறவு ஆரன் அடிக்கலே, இண்டிகேட்டர் துடிக்கலேன்னு பேட்டரிக்காரனைத் திட்டறே. எதிர்ல வாரவன் அந்த வெளிச்சத்துல கண்ணு கூசி உன்னைத் திட்டறான். அந்த ஒரு விசயத்துல மட்டும் லைட்டு நல்லா வேலை செய்யுது.

இண்டிகேட்டர்லயும் கூத்து வேண்டாம். பழைய ஃபிளாஷர் 10 வாட்டு பல்புகளை நம்பித் துடிக்கறது. எல்இடி மாட்டுனா அது கரண்டே பத்தலேன்னு நெனைச்சு ஒண்ணு வெரசாத் துடிக்கும், இல்லீன்னா துடிக்கவே துடிக்காது. மாத்தறதுன்னா ஃபிளாஷரையும் சேத்தி மாத்து. திடீர்னு ஒரு பக்கம் மட்டும் துடிப்பு மாறுச்சுன்னா, அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருச்சுன்னு அது உனக்குச் சேதி சொல்லுது. நல்ல வேலைக்காரன், அவனையும் மாத்திறாதே.

கடைசியா ஒண்ணு. இத்தனை நேரமும் ஹெட்லைட்டு ஹெட்லைட்டுன்னு அரத்துனயே, பொறவால இருக்கற டெயில் லைட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டயா? வண்டி மேல உக்காந்தவன் கண்ணுக்கு அது தெரியாது, அதனாலதான் கேக்கத் தோணலே. பின்னால லாரி ஓட்டிக்கிட்டு வாரவன் கண்ணுக்கு அது ஒண்ணுதான் நீ. டெயில் பல்புல ரெண்டு இழை. ஒண்ணு எப்பவும் எரியறது, ஒண்ணு பிரேக்குக்கு. அடியில இருக்கற ரெண்டு காதுல ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. மாத்தி மாட்டிறக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்கறாங்க. அதையும் இடுக்கி போட்டுத் திருகி உள்ள தள்ளற மசையனுக நம்மூர்ல உண்டு. அப்பொறம் ஓடறப்பவே பளிச்சுன்னு எரியும், பிரேக் மிதிச்சா வித்தியாசமே தெரியாது. பிரேக் பெடலோட இருக்கற ஸ்பிரிங்கையும் பாரு, இறுகிப்போனா மிதிக்காமயே லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்து பேட்டரியைக் குடிச்சிரும்.

ராத்திரி வண்டி எடுக்கறதுக்கு முன்னால, என்ஜினை ஓடவிட்டு, எறங்கி, பின்னால ஒருக்கா நடந்துபோயிப் பாரு. பிரேக்கை மிதிக்க ஆளில்லீன்னா என்னைக் கூப்புடு, வந்து மிதிக்கறேன், அதுக்குக் காசு கேக்கமாட்டேன். பின்னால லைட்டு எரியலீன்னா பஸ்சுல போ. அடுத்த தபா லைட்டு போச்சுன்னா செல்லை எடுக்காதே, உப்புக் காயிதத்தை எடு. பச்சை ஒயரைப் பாத்து, தேய்ச்சு, முடுக்கி, அதுக்கும் எரியலீன்னா மட்டும் கடைக்குப் போ.